தூரமா, சார்?

எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பல வருடமாக நான்தான் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை. பொதுக்குழுவில் யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று கேட்டபோது ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். நான் அசந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டேன். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, திருச்செந்தூர் ரோட்டை ஒட்டி, முன்பு வயலாகக் கிடந்த இடத்தில் இருக்கிறது எங்கள் நகர். ஆறு தெருக்கள், ஒரு பிள்ளையார் கோயில். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் சங்கத்தின் பெயர் எழுதிய வளைவு, அதன் பக்கத்தில் ஒரு கரும்பலகை. பலகையில் அறிவிப்பு எழுதுவதும், அதையே போனில் தட்டிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் என் வேலை. நாளை ஆற்றுத் தண்ணீர் வராது. மின்தடை காலை ஒன்பது முதல் ஐந்து வரை. மூன்றாம் தெருவில் இன்னார் காலமானார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இவ்வளவுதான் எங்கள் ஊர்ச் செய்திகள்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதிக் குப்பை கொட்டியவன். மேலதிகாரி யாரையாவது திட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். வாங்கியவனுக்கு அது திட்டு என்று தெரியவே இரண்டு நாள் ஆகும், அப்படி எழுதுவேன். அந்த வித்தை சங்கத்தில் எனக்குக் கைகொடுத்தது. எங்கள் ஆட்களிடம் எதையும் நேராகச் சொல்லிவிட முடியாது. எனக்கு முன்னால் இருந்த செயலாளர், சாக்கடைத் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள் என்று ஒரு வீட்டு எண்ணைப் போட்டு எழுதிவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் சங்கத்தை விட்டே விலகினார்கள். அவர்களுடைய மகள் கல்யாணத்துக்கு அந்தத் தெருவில் ஒருவருக்கும் பத்திரிகை இல்லை. அதற்குப் பிறகு வந்தவன் நான். நாயை அவிழ்த்துவிடாதீர்கள் என்று எழுத மாட்டேன். 'வளர்ப்புப் பிராணிகளின் பராமரிப்பில் உறுப்பினர்கள் தனிக்கவனம் செலுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதுவேன். நாய் என்னவோ தெருவில்தான் திரிந்தது. ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தலைவர் என் தோளைத் தட்டி, "ஒம்ம எழுத்துல ஒரு மரியாதை இருக்குவே" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிருந்தது.

இரண்டாம் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். கணக்கு வாத்தியார். எங்கள் நகரில் சார் என்று மொட்டையாகச் சொன்னால் அவர்தான். கட்டின பெண்டாட்டியே அவரைச் சாரு என்றுதான் சொல்வார். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரே மகள் பெங்களூரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். முழங்கை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு, சாயங்காலம் நாலரை மணிக்கு நடை. அவர் வளைவைத் தாண்டும்போது வாட்சைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒருநாள் அந்த அக்கா என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பைய ஒவ்வொரு படியாக ஏறி வந்து உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தேதித்தாள், அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

"சாருக்கு எங்க வீட்டுச் சாவி எதுன்னு தெரிய மாட்டேங்குது தம்பி. போன வாரம் அஞ்சாம் தெருவுல ஒரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்காங்க. அந்த வீட்டுப் பொண்ணுகிட்ட, நீ யாரு, எங்க வீட்டுல என்ன பண்ணுதேன்னு கேட்டிருக்காங்க. அது நல்ல புள்ள, கூட்டிட்டு வந்து விட்டுட்டு. நேத்து கேட்டுக்கு உள்ள கூடி பூட்டுப் போட்டேன். கம்பியப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே நிக்காங்க. எனக்குப் பாக்கச் சகிக்கலை. கூட நடக்க எனக்குக் கால் இல்ல. இதைப் போர்டுல எழுதிப் போடுங்க."

தாளை வாங்கிப் படித்தேன். 'எங்கள் வீட்டு சாருக்கு ஞாபகம் போய்விட்டது. வீட்டுக்கு வழி தெரியாது. எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வீட்டில் விடவும்.' அவ்வளவுதான். கீழே வீட்டு எண்.

எனக்கு அதைப் படித்ததும் உடம்பு கூசியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நிலைமையை நினைத்துக் கூசவில்லை. அந்த வாக்கியங்களைப் பார்த்துத்தான். இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரை, ஏதோ காணாமல் போன கன்றுக்குட்டியைப் பற்றி எழுதுகிற மாதிரி, கையைப் பிடித்துக் கூட்டி வா என்று தெருமுனையில் எழுதி வைப்பதா? நாலு வீட்டு வேலைக்காரி முதல் தண்ணி லாரி டிரைவர் வரை படிக்கிற இடம். சார் தாமே அந்தப் பக்கம் தினமும் போகிறவர். அவரே படித்துவிட்டால்?

"நான் பாத்துக்கிடுதேன்க்கா, பக்குவமா எழுதுதேன்" என்றேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மூன்று தடவை எழுதி அடித்துக் கடைசியில் இதைத் தேற்றினேன்: 'நம் நகரின் மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான பெருமதிப்பிற்குரிய சார் அவர்கள் தற்போது மாலை வேளைகளில் தனியே நடைப்பயிற்சி மேற்கொண்டு வருகிறார்கள். வழியில் காணும் உறுப்பினர்கள் அன்னாருக்கு உரிய மரியாதையும் தேவையான ஒத்துழைப்பும் நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "அன்னார்னு செத்தவங்களுக்குல்லா போடுவீங்க?" என்றாள்.

"ஒனக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

மறுநாள் பலகையில் எழுதியபின் அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மெதுவாக, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார். "நல்லாத்தான் இருக்கு. வெளங்குமா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் படிச்ச ஜனங்கக்கா. தேவையான ஒத்துழைப்புன்னு போட்டிருக்கேன்லா. குறிப்பறிஞ்சு நடந்துக்கிடுவாங்க" என்றேன்.

அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அந்தக் காலண்டர் தாளை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், துவைக்கும்போது கூழாகிப் போனது.

ஜனங்கள் குறிப்பறிந்து நடக்கத்தான் செய்தார்கள். நான் எழுதியதை எழுதியபடியே செய்தார்கள். சார் தெருவில் வந்தால் கிரிக்கெட் நின்றது. பைக்குகள் வேகம் குறைந்தன. வராந்தாவில் பேப்பர் படிக்கிறவர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில் துணி தேய்ப்பு வண்டி போட்டிருப்பவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சாருக்கு நடையே மாறிவிட்டது, நெஞ்சை நிமிர்த்திப் பள்ளிக்கூட வராந்தாவில் ரவுண்டு வருகிறவராகவே ஆகிவிட்டார். அந்த அக்காவே ஒருநாள் என்னிடம், "சாரு இப்ப நல்ல சந்தோசமா இருக்காங்க தம்பி" என்றார். யாராவது அவரைக் கைப்பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்களா என்றால், இல்லை. பழக்க தோஷத்தில் அவராகவே திரும்பிக்கொண்டிருந்தார். அது நோட்டீஸின் மகிமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புறப்பட்டுப் போகிற ஆளை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். கேட்டவனை மனதுக்குள் வைதுகொண்டே. அதனால் யாரும் கேட்பதில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், "தூரமா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அவரும், ஆமா, தூரம்தான் என்றோ, இல்லை, இங்கன பக்கத்துலதான் என்றோ சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மேல் தோண்டுவது மரியாதை இல்லை.

அந்தச் சாயங்காலம் நான் பலகையில் கொசுமருந்து அடிக்க வருகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். சார் வந்தார். வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாக வந்தார். தேய்த்த சட்டை, கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. பின்னால் நின்று நான் எழுதுவதையே பார்த்தார்.

"தூரமா, சார்?" என்றேன்.

"ஆமா. தூரம்தான்" என்றார். பிறகு பலகையைக் காட்டி, "எழுத்து முத்து முத்தா இருக்கே. நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" என்று கேட்டார்.

இருபது வருடமாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிறவன் நான். என் மகன் அவரிடம் டியூஷன் படித்தவன். அவர் என்னை யார் என்று தெரியாமல்தான் கேட்கிறார் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. முத்து முத்தாக என்று சொன்னாரே, அதில் மயங்கிப்போய் இளித்துக்கொண்டு நின்றேன். படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். "நல்ல பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பிக் கொசுமருந்தை எழுதி முடித்தேன்.

மற்றதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. தேய்ப்பு வண்டிக்காரர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தூரமா சார் என்றிருக்கிறார். ஆமா என்றிருக்கிறார் சார். பஸ் நிறுத்தத்தில் சங்கத் தலைவர் நின்றிருக்கிறார், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தவர். அவரும் அதையே கேட்டு, அதே பதிலை வாங்கியிருக்கிறார். திருச்செந்தூர் பஸ் வந்தபோது சார் கை காட்டியிருக்கிறார், அது நிற்காமல் போகப் பார்த்திருக்கிறது. தலைவர் நடுரோட்டில் இறங்கி மறித்து நிறுத்தி, சாரை முழங்கையைப் பிடித்து ஏற்றி, கண்டக்டரிடம், "பெரியவங்க, ஹெட்மாஸ்டரு. நல்ல எடமாப் பாத்து உக்கார வைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தேவையான ஒத்துழைப்பு.

ஆறு மணிக்கு மேல் அந்த அக்கா கேட்டில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். நான் தலைவருக்குப் போன் போட்டேன். "சாரா? ஊருக்குல்லா போயிருக்காங்க. நான்தானே பஸ் ஏத்தி விட்டேன்" என்றார் தலைவர், சந்தோஷமாக. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்த அக்கா என் வீட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அந்தக் கண்டக்டரைப் பிடித்தோம். ஆழ்வார்திருநகரிக்கு டிக்கெட் வாங்கினாராம், அங்கேயே இறங்கினாராம். சார் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளிக்கூடம் அங்கேதான் என்று அந்த அக்கா சொன்னார், கல்யாணத்துக்கும் முன்னால். தலைவர் காரை எடுத்தார், நானும் போனேன். வழியெல்லாம் தலைவர், "எனக்கு எப்படிவே தெரியும், எனக்கு எப்படிவே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாயை மூடும் என்று கத்தினேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்த டீக்கடைக்காரருக்கு நினைவிருந்தது. "ஆமா, வந்தாங்க. வெள்ளச் சட்டை, குடை. பள்ளிக்கூடம் விட்டாச்சான்னு கேட்டாங்க. விட்டாச்சேன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கு முன்னால நின்னாங்க. பெறகு ஆத்துப் பக்கமா பைய நடந்து போனாங்க."

"எங்க போறீங்கன்னு நீங்க கேக்கலையா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போற ஆளை எப்படி அண்ணாச்சி கேக்கது? நல்ல மரியாதையான ஆளா வேற தெரிஞ்சாங்க. தூரமான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

அந்த மனிதரை அறையலாம் போல இருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அறைவது?

ஆற்றுக்குப் போனோம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம், தாமிரபரணி கரையோரம் வரை நுரைத்துக்கொண்டு போனது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து கீழே வெகுதூரம் தேடினார்கள். குடைகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒரு வழியாகப் போயிருக்கும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகள், அனாதை விடுதிகள், திருச்செந்தூர்க் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள், எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை என்றால் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்க அந்த அக்காவும் பெங்களூரிலிருந்து வந்துவிட்ட மகளும் நானும் போயிருந்தோம். எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வயது. உயரம். மச்சம். பிறகு, "ஞாபக மறதின்னு சொல்லுதீங்க. அக்கம்பக்கத்துல யாருகிட்டயும் முன்னாலேயே சொல்லி வைக்கலையாம்மா?" என்றார்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தார்.

"நோட்டீஸ் போட்டிருந்தோம் சார்" என்றேன்.

"காட்டுங்க."

போனை எடுத்து, குழுவில் மேலே மேலே தள்ளித் தேடி, எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். ஒரு தடவை முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். போனை மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். "இதுல எங்கன இருக்கு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விடாதா என்று இருந்தது.

வெளியே வந்ததும் மகள் நேராக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த அக்காதான், "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க தம்பி. விடுங்க" என்றார். இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை என்ன செய்ய? இன்றுவரை அந்த அக்கா ஒரு சொல் என்னைச் சொன்னது கிடையாது.

காணவில்லை என்று அன்றே பலகையில் எழுதினேன். ஒரு அலங்காரமும் இல்லாமல், பெயர், வயது, வெள்ளைச் சட்டை, ஞாபகம் இல்லாதவர், பார்த்தால் பிடித்து வைத்துக்கொண்டு போன் செய்யவும் என்று. எனக்கு நேராக எழுதத் தெரியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. குழுவிலும் போட்டேன். கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. ஆறாம் தெருக்காரர் ஒருவர் ஒழுங்காகப் படிக்காமல் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் போட்டார்கள். நான் அடித்துப்பிடித்து அழிக்கச் சொல்வதற்குள் அந்த அக்கா பார்த்துவிட்டார், அவர் போனிலும் அந்தக் குழு இருந்தது.

மகள் இரண்டு வாரம் இருந்து பார்த்தார். பெங்களூருக்கு வா என்று கூப்பிட்டார். "சாரு வந்து கதவைத் தட்டுனா யாரு தொறக்க?" என்று கேட்டாராம் அந்த அக்கா. மகள் அழுதுகொண்டே தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

பலகையில் மாதக்கணக்காக அந்த அறிவிப்பு இருந்தது. மழை அழிக்க அழிக்க நான் மறுபடி எழுதினேன். பலகையில் பாதி இடம் அதற்கே போனதால் தண்ணீர், மின்தடை எல்லாம் மூலையில் நெருக்கிக்கொண்டு கிடந்தன. முதலில் எழுத்தைச் சின்னதாக்கினேன். பிறகு நாலு வரியை இரண்டாக்கினேன். ஒருநாள் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எத்தனை நாளைக்குவே இது கெடக்கும்? பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ்ஸுதான் கண்ணுல நிக்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வாரம் வரி வசூல் முகாம் பற்றி எழுத இடம் வேண்டியிருந்தது, அழித்துவிட்டேன். அழிக்கும்போது யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆடி வந்தது. ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலில் திருவிளக்குப் பூசை நடக்கும். நகரின் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு குத்துவிளக்கோடு வரிசையாக உட்கார்வார்கள். கடைசியில் ஒருவருக்கொருவர் குங்குமம் வைத்து, மஞ்சளும் வளையலும் கொடுத்துக்கொள்வார்கள். புருஷன் இல்லாதவர்கள் வருவதில்லை. வரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அவர்களாகவே வர மாட்டார்கள். வருடா வருடம் முதல் வரிசையில் முதல் விளக்கு அந்த அக்காவுடையதுதான்.

தலைவர் வீட்டம்மாவும் என் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

"சாரம்மா வந்தா என்ன செய்யது? வருவாங்க போலத்தான் இருக்கு. வெளக்கைத் தேச்சு வெயில்ல வச்சிருக்காங்க, பாத்தேன்" என்றார் தலைவர் வீட்டம்மா.

"வந்தா வந்துட்டுப் போறாங்க" என்றாள் என் மனைவி.

"நீங்க லேசாச் சொல்லிருவீங்க. குங்குமத்தை யாரு வைக்கது? வச்ச பெறகு நாளைக்கு ஆத்துல இருந்து ஒரு சேதி வந்துட்டா, வச்சவங்களுக்கும் மனசு சங்கடம், அவங்களுக்கும் சங்கடம். வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேர எந்தப் பாவி சொல்ல முடியும்?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுற விதமா எழுதிருங்க அண்ணாச்சி. அவங்களாப் புரிஞ்சுக்கிடுவாங்க. ஒங்களுக்குத்தான் அந்தப் பக்குவம் உண்டு."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். எனக்கு இதில் சம்பந்தம் இல்லை, வேண்டுமானால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பாக்கேன்மா" என்று வந்தது.

மறுநாள் காலையில் எழுதினேன். 'ஆடி வெள்ளித் திருவிளக்கு வழிபாட்டில் இல்லற மங்கலம் நிறைந்த சகோதரிகள் திரளாகக் கலந்துகொண்டு அம்மையின் அருள் பெற அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்.' அழகாகவே வந்தது. போகிறவர் வருகிறவர் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் அந்த அக்கா வந்தார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். நான் எழுந்து போனேன். நெற்றியில் பொட்டு இருந்தது, அரை ரூபாய் அகலத்துக்கு, எப்போதும் போல. முகம் மட்டும் வற்றிப்போயிருந்தது.

"போர்டைப் படிச்சேன் தம்பி" என்றார்.

"உள்ள வாங்கக்கா."

"இல்ல, இருக்கட்டும். ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இல்லற மங்கலம்னு போட்டிருக்கீங்க. அதுல நான் உண்டா?"

என் மனைவி சமையலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க. சண்டைக்கு வரலை" என்றார் அந்த அக்கா. "வேண்டாம்னா நான் வரலை, அதுல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது வேற. சாரு இருக்காங்களா இல்லையான்னு நீங்க எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டீங்களா? வந்திருந்தா எங்கிட்ட வாய விட்டுச் சொல்லிருங்க தம்பி. நானும் இதை அழிச்சுக்கிடுதேன்." நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார். "காலையில குளிச்சிட்டுக் கண்ணாடி முன்னால போய் நின்னா, வைக்கவா வேண்டாமான்னு தெரியாம தெனமும் அங்கனயே நிக்கேன். நானா அழிக்க எனக்கு மனசு வரலை. யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும். நீங்களே சொல்லுங்க."

நான் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருக்காங்கக்கா, நீங்க வாங்க என்று. இல்லையென்றால் இல்லை என்று. அதுகூட ஒரு உபகாரமாகத்தான் இருந்திருக்கும்.

"பாப்போம்க்கா" என்றேன்.

மனு கொடுக்க வருகிறவர்களிடம் முப்பது வருடம் நான் சொன்ன வார்த்தை அது. மனு கொடுத்தவர்கள் தலையாட்டுகிற மாதிரியே அந்த அக்காவும் தலையாட்டினார். "சரி தம்பி" என்றார். கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.